ராஜா தைத்த மூன்று சட்டைகள்

மருதவாசல் சீமையை ஆண்ட சொக்கேந்திர ராஜாவுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. தெரியாவிட்டால் போகட்டும், ராஜாவுக்கு அது எதற்கு? ஆனால் ஒருநாள் கடைவீதியில் பல்லக்கில் போனபோது பூக்காரி ஒருத்தியைப் பார்த்துவிட்டார். அவள் ரவிக்கை, இடுப்பிலிருந்த பெண்குழந்தையின் பாவாடை, கையைப் பிடித்திருந்த பையனின் சட்டை, எல்லாம் ஒரே மஞ்சள் துணி, அவளே தைத்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அந்த மூவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். ராஜாவைப் பார்த்துக் கும்பிட்டார்களே தவிர ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பிடித்தது வினை.

"சித்திரை ஊர்வலத்துக்கு எனக்கும் என் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி சட்டை. என் கையாலேயே தைப்பேன். எந்தத் தையல்காரனும் கிட்டே வரக்கூடாது" என்றார் ராஜா.

ஆடி மாதம் நீலத் துணியில் அளவெடுத்து வெட்டினார். ராணி எட்டிப் பார்த்தாள். "வளர்ற பிள்ளைங்க. உள்ளே கொஞ்சம் மடிச்சு விட்டுத் தைங்க."

"நான் சட்டை தைக்கிறேன், சாக்கு தைக்கவில்லை" என்றார் ராஜா.

பிறகென்ன, கொலுவிருந்த நேரம் போக மீதி நேரமெல்லாம் தையல்தான். தைப்பார், பிரிப்பார், விரலில் குத்திக்கொள்வார். பக்கத்தில் ஒரு தட்டு. அதிரசம் தீர்ந்தால் முறுக்கு, முறுக்கு தீர்ந்தால் அதிரசம். மடைப்பள்ளிக்காரர்கள் நடந்தே இளைத்தார்கள். பங்குனி முடியும்போது ஒருவழியாக மூன்று சட்டையும் முடிந்தன. சலவைக்கார மாசானம் அவற்றை வெளுத்து, மடித்து, ஊர்வலத்துக்கு முதல் நாள் காலையில் சபைக்கே கொண்டுவந்து வைத்தான்.

பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். இளவரசன் முத்துவீரனின் சட்டை தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. குட்டி அல்லிக்குக் கை முழங்கையைத் தாண்டவில்லை. ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. இத்தனை மாதம் குத்துப்பட்ட விரலைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். அழுதுவிடுவார் போலிருந்தது.

மந்திரி கனகசபைக்கு இப்படிப்பட்ட நேரமென்றால் வெல்லம். "மகாராஜா, தங்கள் தையலில் குறை வருமா? இந்த மாசானம் கொதிக்கிற தண்ணீரில் போட்டுத் துணியைச் சுருக்கிவிட்டான்."

"சாமி, பச்சைத் தண்ணியிலதான் அலசினேன்" என்றான் மாசானம்.

"பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு சீமையை விட்டுப் போ" என்றார் ராஜா. மாசானம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கைக்குழந்தையோடு எங்கே போவான், பாவம்?

சபையில் ஆதிமூலம் என்று ஒருவர் இருந்தார். ராஜாவுக்குப் பேச்சுத்துணை. நாக்கு கொஞ்சம் நீளம், ஆனால் நல்ல மனுஷன். ராணி அவரைப் பார்த்தாள். 'நான் சொன்னால் வீட்டில் சண்டை, நீ சொல்' என்ற பார்வை அது.

ஆதிமூலம் எழுந்தார். "மகாராஜா, அவனை அனுப்புவதற்கு முன்னால் தங்கள் சட்டையையும் போட்டுப் பாருங்கள். அதே துணி, அதே தண்ணீர்."

ராஜா போட்டார். முன்பக்கத்து முடிச்சுக் கயிறுகள் ஒன்றையொன்று எட்டவில்லை. நடுவில் ராஜாவின் வயிறு இருந்தது.

"பார்த்தீர்களா, இதுவும் சுருங்கிவிட்டது" என்றார் கனகசபை.

"ஆமாம் மந்திரியாரே. சற்று அருகில் வந்து பாருங்கள். ராஜாவின் சட்டைக் கை சரியாக மணிக்கட்டில் நிற்கிறதா?"

"நிற்கிறது."

"நீளம்?"

"சரியாகத்தான் இருக்கிறது."

"பிள்ளைகளுக்கு அகலம் சரி, நீளம்தான் போதவில்லை. இல்லையா?"

கனகசபை தலையாட்டினார். வேறு வழி?

"என்ன கெட்டிக்காரத் துணி மகாராஜா இது! பிள்ளைகள் சட்டையில் நீளம் மட்டும் சுருங்குகிறது. தங்கள் சட்டையில் நீளத்தைத் தொடாமல் வயிற்றுப் பக்கம் மட்டும் சுருங்குகிறது. யார் சட்டை எது என்று தண்ணீருக்குள்ளேயே தெரிந்துகொண்டிருக்கிறது."

சபையில் பாதிப் பேர் கூரையைப் பார்த்தார்கள், மீதிப் பேர் தரையைப் பார்த்தார்கள்.

"சுற்றி வளைக்காமல் சொல்லும்" என்றார் ராஜா. குரலில் சூடு இருந்தது.

"துணி சுருங்கவில்லை மகாராஜா. ஆடியில் அளவெடுத்தீர்கள், இது சித்திரை. சந்தோஷமான செய்தி, மூன்று பேரும் வளர்ந்திருக்கிறீர்கள். பிள்ளைகள் மேலே வளர்ந்தார்கள்." ஆதிமூலம் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார். "தாங்கள் இரண்டு பக்கமும்."

மாசானம் கண்ணை மூடிக்கொண்டான். அப்போது அல்லி வந்து ராஜாவின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாப்பா, நீங்கதான் நல்லா வளர்ந்திருக்கீங்க" என்றாள். ராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பயனில்லை, சிரிப்பு வெளியே வந்துவிட்டது. ராஜாவும் சிரித்துவிட்டார். வயிறு குலுங்கி, விலாப் பக்கத்துத் தையல் ஒன்றும் தெறித்தது.

மாசானம் தப்பித்தான். ராஜா தம் தோளிலிருந்த சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார்.

"அதெல்லாம் சரி, நாளைக்கு ஊர்வலமாயிற்றே?" என்றார் ராஜா.

"சிவப்புத் துணியில் ஒட்டுப் போடுங்கள். பிள்ளைகளுக்குக் கையிலும் கீழேயும், தங்களுக்கு இரண்டு விலாவிலும். மூன்றிலும் ஒட்டு இருந்தால் மூன்றும் ஒரே மாதிரிதானே?"

ராஜா அங்கேயே தைக்க உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிற வேலை மந்திரி கனகசபைக்கு. மறுநாள் நீலமும் சிவப்புமாக மூவரும் யானைமேல் போனார்கள். ஊரே அவர்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தது. ராஜாவுக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. எதிரே நின்ற பூக்காரிக்கு முதல் கும்பிடு அவர்தான் போட்டார்.

அடுத்த ஆடியில் ராஜா மறுபடி துணியை விரித்தார். இந்தத் தடவை புத்தி வந்திருந்தது. பிள்ளைகளின் சட்டைக்கு உள்ளே மடிக்க ஒரு சாண் தாராளமாக விட்டார். பிறகு தம் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு யோசித்தார்.

"ஆதிமூலம், என் சட்டைக்கு எவ்வளவு மடித்து விடட்டும்?"

"சற்றுப் பொறுங்கள் மகாராஜா" என்று ஆதிமூலம் எழுந்தார். "மடைப்பள்ளியில் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்."