பெரிய மகாராஜா வைத்த பிராசசர்

நெடுங்கோ மகாராஜாவின் அரண்மனையில் சர்வர் என்ற பெரிய கணினிப் பெட்டி ஒன்று இருந்தது. குடிமக்களின் மனுக்கள் எல்லாம் அதற்குள்தான். காலையில் ஒரு மனுவைத் திறக்கச் சொன்னால், மகாராஜா குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு வந்த பிறகுதான் திறக்கும். வாசலில் வரிசை நீண்டது. வசவும் நீண்டது. அது காதில் விழுந்ததும் மகாராஜா சர்வரைக் கவனிக்கும் இளம்பரிதியைக் கூப்பிட்டார்.

“பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, மகாராஜா. உள்ளே வேலை செய்யும் பிராசசரும், நினைவில் வைக்கும் மெமரியும்தான் பழசு. கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டால் ஓடும்.”

“கழற்றுவதா!” பேரமைச்சர் வச்சிரபாகு துள்ளி எழுந்தார். இளம்பரிதி எப்போது சறுக்குவான் என்று காத்திருந்தவர் அவர். “அவை பெரிய மகாராஜா தம் திருக்கையால் வைத்தவை! வருடா வருடம் மாலை போட்டு ஆரத்தி எடுக்கிறோம். அவற்றைப் பிடுங்கி எறிவதா?”

அப்பா பேச்சு வந்ததும் மகாராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பழையது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். புதியதையும் அதே இடத்தில் வை. நாளைக் காலைக்குள் முடி. இல்லாவிட்டால் அரண்மனைப் பக்கமே வராதே.”

இளம்பரிதி போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தான். பிராசசர் உட்கார இருப்பதே ஒரே ஓர் இடம். மெமரி செருகும் வரிசையிலும் காலி இல்லை. முடியும் என்று பொய் சொல்ல அவனுக்கு வராது. முடியாது என்றால் வேலை போய்விடும்.

மறுநாள் சபை கூடியது.

“முடிந்ததா?”

“செய்முறையை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், மகாராஜா.” இளம்பரிதி விறுவிறுவென்று நடந்துபோய்ப் பேரமைச்சரின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

“அடேய்! இறங்குடா, கழுதை!”

“அசையாதீர்கள், ஐயா. உங்களையும் இந்த நாற்காலியில் வைத்தது பெரிய மகாராஜாதான். நீங்கள் இருந்த இடத்திலேயே இருங்கள். புதியவன் நானும் இங்கேயே இருந்துகொள்கிறேன். மகாராஜா, ஒரு மனுவைக் கொடுங்கள். வேகத்தைப் பார்ப்போம்.”

மனு வந்தது. இளம்பரிதியின் தலை மறைத்ததில் பேரமைச்சருக்கு எழுத்துத் தெரியவில்லை. பேரமைச்சர் கையைப் பிடித்து இழுத்ததில் இவனுக்கு எழுத வரவில்லை. காகிதம் இரண்டாகக் கிழிந்தது.

“ஓர் இடத்தில் ஒருத்தர்தானே உட்கார முடியும், மகாராஜா! யாராவது ஒருத்தர் எழுந்தாக வேண்டும்!” என்று கத்தியவர் பேரமைச்சரேதான்.

சபை கொல்லென்று சிரித்தது. மகாராஜா மகுடம் சரியச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையை இளம்பரிதியிடம் வீசினார். “புரிந்தது, புரிந்தது! பழையதை இப்போதே கழற்று!”

இளம்பரிதி மடியிலிருந்து இறங்கி, கைகட்டி நின்றான்.

“உத்தரவு, மகாராஜா. எதை முதலில்?”

பேரமைச்சர் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.