இரண்டு குளுவான்கள் ஒன்றான கதை

அந்தக் காலத்தில், அணுவின் நடுவே கருவுக்குள் குடியிருந்தவர்களும் வாய் திறந்து பேசினார்கள். ஈய அணு ஒன்றின் கருதான் ஈயக்கரு என்ற ஊர். அதில் வீட்டுக்கு மூன்று குவார்க்குகள் என்ற நுண்துகள்கள். மூன்றும் தறுதலைகள், ஆளுக்கொரு திசையில் பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கும். அவற்றை இழுத்துப் பிடித்து ஒட்டவைப்பது குளுவான்களின் வேலை. அப்படி ஒரு வீட்டைக் கட்டிக் காத்தவள் பிணைச்சி.

குளுவான் குலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊர் வேகமெடுத்தால் போதும், ஒவ்வொருத்தியும் இரண்டாகப் பிரிவாள். ஆள் கூடினால் பிடி இறுகும் என்று நினைப்பு. ஒருநாள் ஈயக்கரு ஒளியோடு போட்டி போடுகிற மாதிரிப் பறந்தது. வேகத்தில் ஊரே அப்பளமாகத் தட்டையானது. பிணைச்சியிடமிருந்து துளிரி என்ற மகள் பிரிந்தாள். அக்கம்பக்கத்தில் நான்கு எட்டாயிற்று, எட்டு பதினாறாயிற்று. எள் விழ இடமில்லை.

எதிரே இன்னொரு ஈயக்கரு நேருக்கு நேர் வந்துகொண்டிருந்தது.

"பிணைச்சி, சுவர் விரியுது!" என்று மூத்த குவார்க் அலறியது. "இன்னும் ஒருத்தி பிறந்தா மோதுறதுக்கு முன்னாடியே வீடு தெறிச்சுடும்!"

பிணைச்சி மகள் பக்கம் திரும்பினாள். பிரிவதைத் தவிர அந்தக் குலத்துக்கு வேறெதுவும் தெரியாது. சேர்வதென்றால் இருவரில் ஒருத்தி இல்லாமல் போவாள். யார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

"துளிரி, கிட்ட வாடி. என்கிட்டேயிருந்து பிரிஞ்சவதானே, திரும்ப வந்துடு."

"அப்புறம் நீ இருப்பியாம்மா, நான் இருப்பேனா?"

"தெரியலடி. வீடு இருக்கும்."

மகளை இறுக்கி அணைத்தாள். இருவர் நின்ற இடத்தில் ஒருத்தி நின்றாள். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரியும் அப்படியே செய்தாள். ஊர் முழுக்க ஒரு பக்கம் பிரிய, மறுபக்கம் சேர, கூட்டம் ஓர் அளவில் நின்றது. சுவர் தாங்கியது.

அப்போதுதான் ஊர்கள் மோதின. நன்றிகெட்ட குவார்க்குகள் எதிர் ஊரை ஊடுருவிக்கொண்டு பறந்துவிட்டன. நடுவில் விடுபட்ட குளுவான்கள் இழுபட்டு, நீண்டு, அறுந்தன. அறுந்த இடமெல்லாம் புதுக் குவார்க்குகள், புது வீடுகள். அதில் ஒரு வீட்டில் புதுசாகப் பிறந்த குவார்க் கேட்டது:

"எங்களைப் பிடிச்சிருக்கியே, உன் பேரென்ன?"

பிணைச்சியும் துளிரியும் ஒன்றாகியிருந்த அவள் வாயிலிருந்து இரண்டு பெயர்களும் வந்தன.

அன்று முதல்தான், கரு எத்தனை வேகமாகப் பறந்தாலும் குளுவான்கள் ஓர் அளவுக்கு மேல் பெருகாமல், நெருக்கடியில் இரண்டு ஒன்றாகிவிடுகின்றன. கருக்கள் மோதும்போது தெறிக்கும் ஆயிரமாயிரம் புதுத் துகள்களும் அந்த அணைப்பின் பிள்ளைகள்தான்.