அம்மாவைக் கேட்காமல்

பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்துவந்தார் டாக்டர் ஊய். அவரிடம் ஆய்வு செய்த லோகேஸ்வரி அவரைவிட மூத்தவள். சீனப் பள்ளியில் படித்து, அதே போன்ற பள்ளியொன்றில் பல வருடம் மாணவர் ஆலோசகராக இருந்துவிட்டு வந்தவள். வயது கூடினாலும் ஊயை 'லாவோஷி' என்றுதான் அழைப்பாள். சீனத்தில் ஆசிரியர் என்று பொருள்.

இருபதுகளில் இருப்பவர்கள் தங்களை வளர்ந்தவர்களாக நினைக்கிறார்களா என்று அறிய, மேல்நாட்டில் ஒரு வினாத்தாள் தயாரித்திருந்தார்கள். அதைச் சீனம் பேசும் இளைஞர்களுக்கு ஏற்றபடி மாற்றுவது லோகேஸ்வரியின் வேலை. அவள் சீனத்துக்குக் கொண்டுபோனாள். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

சில மாணவர்களை உட்காரவைத்து எழுதச் சொன்ன அன்று, மதியம், அவள் ஊயின் அறைக்கு மூச்சிரைக்க வந்தாள்.

"லாவோஷி, ஒரு பெண் பாதியில் எழுந்து போய்விட்டாள். ஜியா யீ என்று பெயர். அழுதுகொண்டே போனாளாம். காலையிலிருந்து போன் அணைந்து கிடக்கிறது. விடுதியிலும் இல்லை."

"எந்தக் கேள்வியில் எழுந்தாள்?"

"'முக்கியமான முடிவுகளைப் பெற்றோரைக் கேட்காமல் நானே எடுக்கிறேன்.' பக்கத்தில் இருந்தவன் சொன்னான், அந்த இடத்திலேயே வெகுநேரம் பேனாவை வைத்திருந்தாளாம். தப்பான சொல்லைப் போட்டுவிட்டேனா? அந்தக் கேள்வியை எடுத்துவிடட்டுமா?"

"தாளை விட்டுவிட்டுப் போனாளா?"

"இல்லை. கையோடு கொண்டுபோய்விட்டாள்."

"வீடு எங்கே?"

"தைப்பிங் ஊரில். அம்மா மட்டும்தான், கடை வைத்திருக்கிறார். கடைக்குப் போன் செய்தேன். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை."

ஊய் கார் சாவியை எடுத்தார்.

தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பாலத்தைக் கடக்கும்போது லோகேஸ்வரி கடல் பக்கம் திரும்பவில்லை. மடியில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

"எதற்காக இவ்வளவு நடுங்குகிறீர்கள்?" என்று கேட்டார் ஊய்.

"கேட்டது நான்தானே, லாவோஷி. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் அவள் இந்நேரம் வகுப்பில் இருந்திருப்பாள்."

ஊய் வண்டியை ஓட்டினார்.

அம்மா வைத்திருந்தது ஜன்னல் திரை தைக்கும் கடை. தையல் இயந்திரத்தின் சத்தம் தெருவரை கேட்டது. உள்ளே எட்டிப் பார்த்த லோகேஸ்வரி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். துணிக் குவியலுக்கு நடுவே, அழுது வீங்கிய கண்ணோடு, ஜியா யீ உட்கார்ந்திருந்தாள். எதிரே, இயந்திரத்தை அப்போதுதான் நிறுத்திய அம்மா. நடுவில் வெட்டு மேசைமேல் அந்தத் தாள்.

"ஐயோ பெண்ணே, போனையாவது எடுத்திருக்கக் கூடாதா?" என்றாள் லோகேஸ்வரி.

ஜியா யீ பதறி எழுந்தாள். "மன்னியுங்கள் டீச்சர். சிங்கப்பூரிலிருந்து கூப்பிடுவார்கள் என்று அணைத்துவைத்தேன். வேலை கிடைத்திருக்கிறது. வருகிறேனா இல்லையா என்று இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவே இல்லை. வேலை வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்தக் கேள்வி வந்ததும் பேனா ஓடவில்லை."

"மூடி மறைத்திருக்கிறாள், பாருங்கள்" என்றாள் அம்மா. "இதற்கெல்லாம் ஒரு அழுகையா? போ என்கிறேன். கேட்காமல் தானே முடிவெடுக்கிறாள் என்று அதில் போட்டுக்கொள்ளுங்கள். மற்ற பிள்ளைகளெல்லாம் அப்படித்தானே போட்டிருப்பார்கள்? இவள் மட்டும் ஏன் குறைந்துபோக வேண்டும்?"

"நீ போகச் சொல்லி நான் போனால், நானே முடிவெடுத்தேன் என்று எப்படிம்மா போடுவது?"

"அப்படியானால் இல்லை என்று போடு."

"நீ சொல்லி அதையும் போடவா?"

அம்மா இயந்திரத்துக்குத் திரும்பி ஒரு திரையை ஓட்டினாள். தையல் கோணிக்கொண்டு போயிற்று. நிறுத்தி, முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"நான் இருக்கிறேன் என்பதை விட்டுவிடு. உனக்குப் போக ஆசையா?"

லோகேஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஊய் அவள் மணிக்கட்டைத் தொட்டார்.

"ஆசைதான்" என்றாள் ஜியா யீ. "உன்னை விட்டுப் போகப் பயமாகவும் இருக்கிறது."

"எனக்கும்தான் பயம். அதற்காக ஆசையை மூட்டை கட்டி வைப்பாயா?"

சற்று நேரம் கழித்து ஜியா யீ போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. அம்மா கோணிய தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த ஜியா யீ நின்றபடியே தாளில் எதையோ எழுதி, இரண்டு கையாலும் லோகேஸ்வரியிடம் நீட்டினாள்.

காரில் ஏறியபிறகுதான் லோகேஸ்வரி அதைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு எதிரே ஒன்றிலிருந்து ஐந்துவரை இருந்த எந்த எண்ணையும் ஜியா யீ வட்டமிடவில்லை. ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தாள்:

'அம்மாவைக் கேட்டேன். போகிறேன்.'

லோகேஸ்வரி அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். "லாவோஷி, ஏதாவது ஒரு எண்ணைக் கணினியில் ஏற்ற வேண்டுமே. நானே எடுக்கிறேன் என்பதற்கு இது முழுக்க ஆம் என்கிற ஐந்தா, இல்லவே இல்லை என்கிற ஒன்றா?"

ஊய் வண்டியைக் கிளப்பினார்.

"நீங்கள் கேட்டது ஒரு வாக்கியம்" என்றார். "அவள் அதைப் பிரித்து இரண்டாக எழுதியிருக்கிறாள்."