ஒன்பது வீடு

"இந்த ஊர்ல எதையும் ஏம்மா ஓட்டுக்கு விடமாட்டேங்கறாங்க?" என்று கேட்டார் பரஞ்சோதி.

அவர் லண்டனில் ஒரு கல்லூரியில் இருபது வருஷம் அரசியல் பாடம் நடத்தியவர். வேலையை விட்டுவிட்டு இந்த ஏரிக்கரை மடத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மடத்தை நடத்திய தையலம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஊரில் ஒரு பிரச்சினை என்றால் எல்லாரும் அவர் முன்னால்தான் வந்து உட்காருவார்கள். கடைசி ஆள் சரியென்று சொல்லும்வரை யாரும் எழுந்து போக முடியாது.

"மடத்துக் கூரைக்கு ஓடா தகரமான்னு மூணு நாள் பேசினாங்க. நாங்களா இருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருப்போம்."

"முடிச்சிருப்பீங்க," என்றார் தையலம்மா.



கார்த்திகை மழை ஐந்து நாள் விடாமல் அடித்தது. ஆறாம் நாள் காலை ஏரித் தண்ணீர் கரையின் விளிம்புக்கு வந்துவிட்டது.

கரையைக் கிழக்கே வெட்டித் தண்ணீரை விட்டால் கீழத்தெருவின் ஒன்பது வீடும் அவர்கள் வயலும் போகும். வெட்டாவிட்டால் பொழுது சாய்வதற்குள் கரை மேற்கே தானாக உடையும். அங்கே மேலத்தெருவின் அறுபத்து நான்கு வீடு.

ஊரே மடத்து முற்றத்தில் நின்றது.

"இன்னிக்கு மூணு நாள் உட்கார நேரமில்லைம்மா," என்றார் பரஞ்சோதி.

தையலம்மா படியிலிருந்து இறங்கி இடம் விட்டார். "சரி. உங்க முறைப்படியே நடத்துங்க."

பரஞ்சோதி படியேறி நின்று விளக்கினார். வீட்டுக்கு ஒரு கை. பெரிய வீடு, சின்ன வீடு என்ற பேதமில்லை. யாரும் யாரையும் மிரட்டக் கூடாது.

கிழக்கே வெட்டலாம் என்பதற்கு முதலில் கை தூக்கியவர் மேலத்தெரு தணிகாசலம். மொத்தம் அறுபத்து நான்கு கை. வேண்டாம் என்பதற்கு ஒன்பது.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கீழத்தெரு செங்கமலம் முன்னால் வந்தாள். அவள் குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"சார், நாங்க ஒன்பது வீடு. எப்ப எண்ணினாலும் ஒன்பதுதானே வரும்?"

பரஞ்சோதி வாயைத் திறந்தார். இருபது வருஷம் வகுப்பில் சொன்ன பதில் ஒன்று இருந்தது. அது ஒன்பது வீட்டுக்காரருக்குச் சொல்லும் பதில் இல்லை.

"அரை மணி நேரம் இருக்கு, கிளம்புங்க," என்று தணிகாசலம் கூட்டத்தைக் கலைத்தார். நாலு பேர் மண்வெட்டியோடு கரைக்குப் போனார்கள். முடிவை அறிவித்தவர் என்பதால் பரஞ்சோதி கையிலும் ஒன்றைக் கொடுத்தார்கள்.

கரைமேல் நின்று திரும்பிப் பார்த்தார். தையலம்மா முழங்கால் மழைத்தண்ணீரில் கீழத்தெருவுக்குள் போய்க்கொண்டிருந்தார். செங்கமலம் வீட்டுக்குள் நுழைந்தார். அரை மணி கடந்தது. அவர் வெளியே வரவில்லை.

பரஞ்சோதி கரையிலிருந்து இறங்கி ஓடினார்.

உள்ளே செங்கமலத்தின் மகள் கட்டிலில் கிடந்தாள். பிள்ளை பெற்று மூன்று நாள். எழுந்து நடக்கிற நிலையில் இல்லை. குழந்தையை மடியில் வைத்தபடி தையலம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செங்கமலம்.

"அம்மா, வெட்டப் போறாங்க. எழுந்து வாங்க."

"முடிவாகியாச்சே. வெட்டச் சொல்லுங்க."

"நீங்க இங்க இருக்கும்போது எப்படி வெட்டறது?"

தையலம்மா நிமிர்ந்தார்.

"நான் வர்றதுக்கு முன்னாடியும் இங்கே ஆள் இருந்தாங்களே."

  தண்ணீர் வாசற்படியைத் தொட்டிருந்தது. பரஞ்சோதி இப்போதுதான் கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார்.

தையலம்மாவைத் தேடித் தணிகாசலமும் மேலத்தெரு ஆட்களும் வந்து வாசலை அடைத்து நின்றார்கள். அவர்களும் கட்டிலைப் பார்த்தார்கள். 

"செங்கமலம்," என்றார் பரஞ்சோதி.  "உங்களுக்கு என்னம்மா வேணும்?"

 அப்படி ஒரு கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

"கட்டிலோட தூக்க நாலு பேர். மாடு பதினொண்ணு, கட்ட இடம். விதைநெல் நனையாம இருக்கணும். தண்ணி வடிஞ்சா வயல் மணல்மேடாயிடும். ரெண்டு வருஷத்துக்கு நாங்க எங்கே பயிர் வைக்கிறது?"

எல்லாரும் தணிகாசலத்தைப் பார்த்தார்கள். அவர் தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். வெகுநேரம் பிழிந்தார்.

"மடத்தை ஒட்டின என் ரெண்டு ஏக்கரை எடுத்துக்கோ," என்றார். "மத்தவங்க பங்கையும் கேட்டு வாங்கித் தர்றேன்."

கட்டிலை முன்பக்கம் பிடித்தவரும் அவர்தான்.

மூன்று மணி நேரத்தில் ஒன்பது வீடும் காலியாயின. அதற்குள் மேற்குக் கரை இரண்டு இடத்தில் கசிந்தது. மேலத்தெருப் பெண்கள் மணல் மூட்டை போட்டு அதைத் தாங்கினார்கள்.

பரஞ்சோதி மறுபடி கரைமேல் நின்றார். மண்வெட்டியை எடுத்தார், ஓங்கவில்லை.

செங்கமலத்தின் புருஷன் மாயவன் மேலேறி வந்து அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

"தள்ளி நில்லுங்க சார். தண்ணி முதல்ல விழப்போறது என் வயல்ல. நானே வெட்டறேன்."