பெயர் வெட்டிய பவர் பேங்க்

வெள்ளைப்பாறை மடத்தின் மூத்த அடியவனும், சங்கரபாண்டியன் மகனும், அறுபத்தொன்பது நிறைந்து எழுபதில் நடப்பவனும் ஆகிய குற்றாலலிங்கம் என்னும் நான், நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

"அம்மா, இது தீப்பிடிக்குமாம். தீப்பிடிக்கிற பொருளைப் பெட்டியில போடக் கூடாதாம், மனுஷன் மடியில வச்சுக்கணுமாம். இது என்ன நியாயம்?"

சென்னை விமான நிலையத்தில் நான் இதைக் கேட்டேன். கேட்கப்பட்டவர் எங்கள் மடத்தின் தலைவி தையல்நாயகி அம்மை. என்னினும் இருபது வயது இளையவர். ஆயினும் என் குரு.

என் கையில் இருந்தது, கைப்பேசிக்கு மின்சாரம் ஊட்டும் பவர் பேங்க். பெரிய பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே சுருட்டி வைத்திருந்தேன். பெட்டிகளை வாங்கும் பணிப்பெண் அதை எடுக்கச் செய்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

அம்மை தோள்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

*

நாங்கள் அந்தமானுக்குப் புறப்பட்டிருந்தோம். அங்குள்ள அன்பர்கள் கட்டிய வழிபாட்டுக் கூடத்திற்கு மறுநாள் திறப்பு. முதல் விளக்கைச் சுடலைமுத்து ஏற்ற வேண்டும் என்பது அவர்கள் விருப்பம்.

நான் இசையவில்லை.

சுடலைமுத்து எங்கள் மடத்தில் விளக்கேற்றும் பணி செய்தவன். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு பகற்பொழுதில் மடத்தின் படிப்பறை எரிந்தது. நூல்கள் யாவும் சாம்பலாயின. அங்கிருந்த மாடத்து விளக்கை அவன் அணைக்காமல் போனதே காரணம் என்று அவையில் எழுந்து சொன்னவன் நான்.

அணைத்தேன் என்று அவன் மும்முறை கூறினான். ஒருவரும் நம்பவில்லை. கப்பலேறி அந்தமானுக்குப் போனான்.

அவன் கை விளக்கைத் தொடலாகாது என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். கூடத்தில் எழுந்து வாசிப்பதாக எண்ணம். அம்மையிடம் முன்பே காட்டினேன். முழுதும் படித்தார்.

"கூட வாங்க ஐயா," என்றார். அவ்வளவே.

*

சோதனை மேடையில் ஒரு பெண் அதிகாரி என் பவர் பேங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதோட அளவு எங்கே, ஐயா?"

எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்னும் எண் அதன்மேல் தெளிவாக இருக்க வேண்டுமாம். நூறு வாட் ஹவர் வரை தடையில்லை. அதற்கு மேலானால் விமான நிறுவனத்தின் இசைவு வேண்டும். நூற்றறுபதைத் தாண்டினால் ஏற்றவே மாட்டார்கள். எண்ணே தெரியாதது எந்தக் கணக்கிலும் சேராது.

எண் இருந்த இடத்தில் என் பெயர் இருந்தது.

குடமோ தூக்குவாளியோ வாங்கினால் பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டி வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். மடத்தில் பொருள்கள் கைமாறும். ஆகவே இதன் இரும்பு உறையிலும் வெட்டச் சொன்னேன். கடைக்காரர் தயங்கினார். நான் விடவில்லை. அழுத்தமாகவே வெட்டிக் கொடுத்தார்.

"பேரு இருக்கு. அளவு இல்லையே," என்றார் அதிகாரி.

பின்னால் நின்ற ஒருவர், "சீர்வரிசையில வந்ததா பெரியவரே?" என்றார். வரிசை சிரித்தது.

எனக்குச் சினம் மூண்டது. அம்மையிடம் கேட்டதையே அதிகாரியிடமும் கேட்டேன்.

அவர் சினக்கவில்லை. "கீழே சரக்கோட சரக்கா இருந்து புகைஞ்சா யாருக்குத் தெரியும்? கையில இருந்தா சுடும். சுட்டா நீங்களே சொல்லிருவீங்க."

பின்பு வெட்டுத் தடத்தை விரலால் தடவினார். முகம் மாறியது. இவ்வாறு இயந்திரம் வைத்துக் குத்தியதைச் சார்ஜில் போட்டுத் துணியால் மூடி வைத்தால், பக்கத்தில் விளக்கே வேண்டாம், தானாகவே பற்றும் என்றார். இதுவரை பற்றாதது என் நல்லகாலம் என்றார்.

இதற்கு முன்பும் ஒன்று இருந்தது, அதே கடையில் அதே பெயர் வெட்டியது, அது பற்றவில்லையே என்றேன்.

"அது எங்கே?" என்றார்.

மூன்றாண்டுகளுக்கு முந்திய அந்தப் பகல் நினைவுக்கு வந்தது.

அதைப் படிப்பறையில் சார்ஜில் போட்டேன். எவரும் எடுத்துவிடாதிருக்கக் கம்பளியால் மூடினேன். ஆற்றுக்குக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அறை எரிந்துகொண்டிருந்தது. அதே வாரத்தில் வேறொன்று வாங்கிப் பெயர் வெட்டினேன்.

மூன்றாண்டுகளில் ஒருமுறையும் இவற்றை நான் சேர்த்து நினைக்கவில்லை.

*

அம்மையின் தோள்பை சோதனையில் நின்றது. உள்ளே இருப்பது என்ன என்று அதிகாரி கேட்டார். அம்மை ஒரு துணிமுடிச்சை அவிழ்த்தார். கருகிச் சுருண்ட ஓர் இரும்புத் தகடு. உள்ளே ஒன்றும் இல்லை. அதிகாரி அதைத் திருப்பினார். படித்தார். என்னைப் பார்த்தார். என்னிடமே நீட்டினார்.

'குற்றாலலிங்' என்பது வரை நெருப்பு விட்டுவைத்திருந்தது.

போன மாதம் படிப்பறைத் தரையைப் பெயர்த்தபோது கொத்தனார் எடுத்துக் கொடுத்ததாம்.

"ஒரு மாசமா இதைச் சுமக்கிறீங்களா அம்மா?"

"ஆமா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அம்மை என் விரல்களைத் தகட்டின்மேல் மடக்கினார்.

"மடியில வச்சுக்கோங்க ஐயா."

*

புதியதை அங்கேயே விட்டுவிட்டேன். விமானத்தில், பவர் பேங்குகளை இருக்கைக்கு மேலே உள்ள பெட்டி அறைகளில் வைக்காதீர்கள் என்று பணிப்பெண் அறிவித்தாள். என்னிடம் இருந்தது வெறும் தகடுதான். ஆயினும் இறங்கும் வரை என் மடியைவிட்டு அது அகலவில்லை. சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து மறுபுறம் எழுதினேன். இரண்டே வரிகள்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. சுடலைமுத்து தூணருகே ஒதுங்கி நின்றான். இந்த ஊருக்கு வந்தபின் அவன் தீப்பெட்டியையே தொட்டதில்லை என்றும், அடுப்பைக்கூட மனைவிதான் மூட்டுவாள் என்றும் ஒருவர் என் காதில் சொன்னார்.

நான் எழுந்து மறுபுறத்தை வாசித்தேன். தகட்டைக் குத்துவிளக்கின் அடியில் வைத்தேன்.

சுடலைமுத்து முன்னே வந்தார். குனிந்தார். என் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். 'ங்' என்பதில் நின்றார். எதைச் சொன்னாலும் ஏற்பது என்று நான் கைகட்டி நின்றேன்.

"சாமி, அதை விளக்குப் பக்கத்துல வைக்காதீங்க. தள்ளி வைங்க."

தள்ளி வைத்தேன். அவர் தீப்பெட்டிக்காகக் கை நீட்டினார்.

விசுவாவசு ஆண்டு, ஆவணித் திங்கள் பதினைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம்.