சிகராவுக்கு வந்த ஒரே குழாய்

இந்தக் கதையைக் கேட்பவர்கள் கடைசியில் ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். நமக்கேன் வம்பு என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் வருத்தப்பட மாட்டேன்.

பொள்ளாச்சியில் கார் வைத்திருப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று சிகரா கட்சி, இன்னொன்று ஆரோன் கட்சி. இரண்டு கம்பெனிகளுக்கும் இவர்கள் யார் என்றே தெரியாது. ஆனாலும் எந்தக் காரின் தகடு தடிமன், எந்தக் கார் மோதினால் நசுங்காது என்ற சண்டை கல்யாணப் பந்தியில்கூட ஓயாது. எங்காவது ஓர் ஆரோன் கவிழ்ந்தால் சிகராக்காரர்கள் அந்தப் படத்தை ஊரெல்லாம் பரப்புவார்கள். உள்ளே இருந்தவர் பிழைத்தாரா என்று ஒருவரும் கேட்பதில்லை.

சிகரா கட்சிக்குத் தலைவர் தண்டபாணி, தென்னை நார் மில் வைத்திருப்பவர். அவருடைய வாட்ஸ்அப் குழுவில் ஒரு வழக்கம். டயர் மாற்றுவதானாலும், தூரப் பயணம் போவதானாலும் தலைவரைக் கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள். அவரும் சளைக்காமல் பதில் சொல்வார். நல்ல மனிதர்தான்.

ஒருநாள் சிகரா கம்பெனியே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பிரேக் எண்ணெய் போகும் குழாயில் குறை இருக்கிறது, திடீரென்று கசிந்து பிரேக் பிடிக்காமல் போகலாம், சர்வீஸ் சென்டரில் பதிந்துகொண்டால் புதுக் குழாய் இலவசமாக மாற்றித் தருவோம் என்றது அந்த அறிவிப்பு.

அன்று காலையிலேயே முதல் ஆளாகப் போய் நின்றவர் அந்தக் குழுவில் இருந்த ரெஜினா. வால்பாறையில் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருடைய அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. பஸ்ஸில் உட்கார அவருக்குத் தெம்பு கிடையாது. டயாலிசிஸுக்காக வாரம் இருமுறை ரெஜினாதான் காரில் மலையிலிருந்து இறக்கிப் பொள்ளாச்சிக்குக் கூட்டி வருவார். அந்தப் பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். கவுண்டரில் நின்றபடியே, குழுவின் வழக்கப்படி, பதியலாமா என்று தலைவரைக் கேட்டார். தண்டபாணி உடனே போனில் அழைத்தார்.

“வேண்டாமுங்க சிஸ்டர். ஆரோன்காரங்க குடுத்த நெருக்கடியில கம்பெனி சும்மா ஒப்புக்கு அறிவிச்சிருக்குது. நாம வரிசையில நின்னோம்னா எதுத்த கடைக்காரன் போட்டோ புடிச்சு மானத்தை வாங்கிருவான். நம்ம வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுங்க.”

எதிர்த்த கடைக்காரர் என்றால் ஜெயவேல். கார் சீட் கவர் தைத்துப் போடுகிறவர், ஆரோன் கட்சி. சிகராவின் பிரேக் சரியில்லை என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். ஆனால் சொன்ன விதம் என்ன? சிகரா காருக்குப் பொட்டு வைத்து மாலை போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து அனுப்பினார். உண்மையை அப்படிச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

ரெஜினா பதியாமல் திரும்பிப் போனார். குழுவில் வேறு யாரும் பதியவில்லை. அன்று மத்தியானம் தண்டபாணி மட்டும் சர்வீஸ் சென்டர் மேனேஜர் சுப்புரத்தினத்துக்குப் போன் செய்து, வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, தன் வண்டியைப் பதிந்துகொண்டார். அந்த வண்டியில்தான் அவர் மகள் கோவைக்குக் கல்லூரி போய் வருகிறாள். மனிதர் நிஜமாகவே பயந்திருந்தார். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

சில வாரம் கழித்து, மலையிறக்கத்தில் ஒரு வளைவில் ரெஜினா மிதித்த பிரேக் அடிவரைக்கும் இறங்கியது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, பாறைப் பக்கமாக உரசி எப்படியோ வண்டியை நிறுத்தினார். பின் சீட்டில் அப்பா. மறுபக்கம் பள்ளம்.

அப்பாவை வேறு வண்டியில் ஆஸ்பத்திரி சேர்த்துவிட்டு, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு அவர் சர்வீஸ் சென்டருக்கு வந்தபோது அங்கே தண்டபாணி நின்றிருந்தார். பதிவில் முதல் பெயர் அவருடையதுதான். முதல் குழாய் வந்திருந்தது, ஒன்றே ஒன்று. அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த டயாலிசிஸுக்கு அப்பாவை எப்படி இறக்குவது என்று ரெஜினாவுக்கும் தெரியவில்லை.

முதலில் வந்தவருக்கே முதல் குழாய், அந்த விதியை மாற்றினால் நாளைக்கு ஆளாளுக்கு ஒரு காரணத்தோடு வந்து நிற்பார்கள் என்றார் மேனேஜர். “எம் பொண்ணு உசுரும் உசுருதானுங்களே” என்றார் தண்டபாணி. சத்தம் கேட்டு ஜெயவேலும் சாலையைக் கடந்து வந்துவிட்டார். குழுவையே ஏமாற்றியவருக்குத் தண்டனையாக அவரை வரிசையின் கடைசிக்குத் தள்ள வேண்டும், குழாயை நர்ஸம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே சொன்னார்.

ரெஜினா சண்டை போடவில்லை. “குழாயை விடுங்கண்ணா. உங்க பேச்சை நம்பி இன்னும் எத்தனை பேர் ஓட்டிட்டு இருக்காங்க? அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார்.

இப்போது உங்கள் முறை. மேனேஜர், தண்டபாணி, ஜெயவேல் மூவரில் யார் சொன்னது சரி? அந்தக் குழாய் யாருக்குப் போக வேண்டும்?

விடை இதுதான். மேனேஜரின் விதி சரி, அதனாலேயே குழாய் ரெஜினாவுக்கு உரியது. முதலில் வந்தவர் அவர்தான். அவரை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் போய் நின்றவர் தண்டபாணி. ஜெயவேல் கேட்டதும் ரெஜினாவுக்காகத்தான், ஆனால் தகப்பன் சொன்ன பொய்க்கு மகளைத் தண்டிப்பது நியாயமாகாது. குழாய்க்குத்தான் வரிசை உண்டு. நான் பயந்துபோய்ப் பதிந்தேன், நீங்களும் வண்டியை எடுக்காதீர்கள் என்று குழுவில் எழுத வரிசை எதுவும் கிடையாது. அதைத் தண்டபாணி நின்ற இடத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அவரோ ஜெயவேலின் வீடியோ முடியட்டும் என்று காத்திருந்தார். அப்போது அவர் சட்டைப் பையில் போன் ஒலித்தது. குழுவில் யாரோ கேட்டிருந்தார்கள்: “குடும்பத்தோட வால்பாறை கிளம்பறோமுங்க தலைவரே, போலாமுங்களா?”