அண்ணாச்சி கடையின் எடுபிடி

கனடாவில் பேச்சிமுத்து அண்ணாச்சி நடத்தும் உணவகத்தில் சகாயராணிதான் சமையல். அந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க அவள் விண்ணப்பித்திருந்தாள். தேர்ந்த சமையல்காரி என்று முதலாளி சொன்னால்தான் அனுமதி கிடைக்கும். கிடைத்துவிட்டால் வேறு கடைக்குப் போய்விடுவாளோ என்று அண்ணாச்சிக்குப் பயம்.

விசாரிக்க வந்த அதிகாரி தமிழ்ப் பெண். அவரிடம் அண்ணாச்சி, "இவ வெறும் எடுபிடிம்மா. வெங்காயம் உரிப்பா, பாத்திரம் கழுவுவா" என்றார்.

சகாயராணிக்கு ஊரில் விட்டுவந்த மகளைக் கூட்டிவர இந்த அனுமதியை விட்டால் வேறு வழியில்லை. ஆனாலும் அவள் சண்டை போடவில்லை.

"அப்ப நான் இன்னைக்கு லீவு எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. வெங்காயம் உரிக்க யாரையாவது கூப்பிட்டுக்கிடுங்க" என்று வாசலைப் பார்த்து நடந்தாள்.

அண்ணாச்சி பதறிப்போனார். "ஏளா, சாயங்காலம் கல்யாண விருந்து இருக்கு! பிரியாணியை யாரு போடுவா? இந்தக் கடையில உன்னை விட்டா யாருக்குச் சமைக்கத் தெரியும்?"

சொன்ன பிறகுதான் அதிகாரி பக்கத்தில் நிற்பது அவருக்கு உறைத்தது.

"இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார் அதிகாரி.

அண்ணாச்சி சகாயராணியைப் பார்த்தார். அவள் வாசலிலேயே நின்றாள். அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.